சோம் தாமுக்குப் பச்சைப் பப்பாளி கிடைக்காவிட்டால்

தாய்லாந்தின் பச்சைப் பப்பாளி சாலடான சோம் தாமை வெள்ளரிக்காய் போட்டுச் செய்ததில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியது, பப்பாளிக்குப் பதில் வேறு என்ன போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். நூக்கல் போடுங்கள், பப்பாளிக்கு மிக நெருக்கமான நறுக்கென்ற கடி அதில்தான் வரும். தண்ணீர் தேங்கியதற்குப் பெரும்பாலும் அந்த வெள்ளரிக்காய்தான் காரணம். உப்பான மீன் சாஸ் பட்டதும் அது நீர் விட்டுவிடும்.

நூக்கலின் தோலோடு அடியிலுள்ள நாரையும் தடிமனாகச் சீவி எடுங்கள். தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி, 10 நிமிடம் ஐஸ் தண்ணீரில் போட்டு, துணியில் நன்றாக ஒற்றுங்கள். ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள்: டக்கென்று ஒடிய வேண்டும். துவண்டால் காய் பழசு.

பூண்டு, மிளகாயை இடித்து, வெல்லம், மீன் சாஸ், எலுமிச்சைச் சாறு கரைந்த பிறகே நூக்கலைச் சேர்த்து லேசாகத் தட்டிப் புரட்டுங்கள். உடனே பரிமாறிவிட வேண்டும்.

நூக்கலுக்கே கொஞ்சம் இனிப்பு உண்டு. வெல்லத்தைப் பாதியாகத் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள்.