பல வருடம் நின்ற பைக்கை எழுப்புவது எப்படி? வாசகர் கேள்வி - பதில்

அப்பாவின் 1983 மாடல் புல்லட் 350, பன்னிரண்டு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. கிக்கர் இறங்குகிறது. பேட்டரி, பிளக், பெட்ரோல் மூன்றையும் புதிதாகப் போட்டு உதைத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், காரைக்குடி

ஸ்டார்ட் ஆகிவிடும். அதனால்தான் வேண்டாம் என்கிறோம். பன்னிரண்டு வருடம் சும்மா நின்றதில் கெட்டதைவிட, ஆயில் ஏறாமல் முதல் இரண்டு நிமிடம் ஓடுவதில் கெடுவதுதான் அதிகம். பழைய இரும்பு பேரல் (சிலிண்டர்) புல்லட்டில், கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பிக் எண்டில் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ் (உலோக வளையம்) தான். ஆயில் படலம் இருக்கும்வரை அந்த புஷ் சலிக்காமல் உழைக்கும். படலம் இல்லாமல் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். பிறகு எஞ்சினை முழுதாக இறக்கி, கிராங்கை லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அடியில் கிடக்கும், அல்லது ஒட்டவே ஒட்டாது. "ஆயில் இல்லையே" என்று ஒரு லிட்டர் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இந்த எஞ்சினில் ஆயில் தொட்டி கிராங்க் அறைக்குப் பின்னால், அதே வார்ப்புக்குள் இருக்கிறது. வண்டி நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அதன் மேல் புது ஆயிலும் சேர்ந்தால், ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் வெள்ளைப் புகை, பிரீத்தர் (எஞ்சின் காற்று வெளியேறும்) குழாயில் ஆயில் பீய்ச்சல், பிளக் நனைந்து அணைதல் எல்லாம் வரும். ரிங் போய்விட்டது என்று பயந்து ஹெட்டைக் கழற்றுவார்கள். ரிங்கில் ஒரு குறையும் இருக்காது.

எஞ்சினுக்கு அடியில் வடிகால் போல்ட் ஒன்றுக்கு மேல் உண்டு. தொட்டிக்கு உரியது, கிராங்க் அறைக்கு உரியது இரண்டையும் திறந்து, ஓர் இரவு அகலமான தட்டில் வடிய விடுங்கள். காலையில் அந்த ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கருப்பாக வழுக்கினால் நல்லது. மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெயிலில் திருப்பினால் உலோகத் துகள் மின்னினால் புஷ் தேய்ந்திருக்கிறது, அந்த எஞ்சினைப் பிரிக்காமல் ஓட்டாதீர்கள்.

டைமிங் கவரில் உள்ள ஃபெல்ட் ஃபில்டரை மாற்றுங்கள். மாற்றும்போது அந்த அறையை ஆயிலால் நிரப்பிவிட்டே மூட வேண்டும். காலியாக மூடினால், அறை நிறையும்வரை பிக் எண்டுக்கு ஆயில் போகாது. தொட்டியில் 20W50 ஆயில் சுமார் 2¼ லிட்டர் பிடிக்கும். ஒரே மூச்சில் ஊற்றாமல் டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள்.

இனி பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் இரண்டு தேக்கரண்டி ஆயில் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் சாவி போடாமல், பிளக் இல்லாமல், ஐம்பது அறுபது முறை நிதானமாகக் கிக்கரை மிதியுங்கள். ஹெட்டில் ராக்கருக்கு (வால்வை அழுத்தும் கை) போகும் ஆயில் குழாயின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். அங்கே ஆயில் கசிந்து வந்தால்தான் பம்ப் வேலை செய்கிறது என்று பொருள். வராதவரை பிளக்கை மாட்டாதீர்கள்.

இதோடு கிளட்சையும் பார்த்துவிடுங்கள். கிளட்ச் லீவரைப் பிடித்தபடி கிக்கரை அழுத்தினால் எஞ்சின் சுற்றாமல் கிக்கர் மட்டும் இறங்க வேண்டும். எஞ்சினும் சேர்ந்து சுற்றினால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. லீவரைப் பிடித்தபடியே பலமுறை மிதித்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். பிரியாவிட்டால் செயின் கேஸைத் திறந்து பிளேட்டுகளைக் கழுவ வேண்டும்.

பெட்ரோல் டேங்கில் துரு இருக்கும். லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரை விளிம்புவரை ஊற்றி ஒரு நாள் வையுங்கள். டேங்க் சுமார் 14 லிட்டர் பிடிக்கும், எனவே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வாங்க வேண்டும். வெளியே சிந்தினால் பெயிண்ட் மங்கும், ஈரத்துணி கையில் இருக்கட்டும். வடித்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காய வைத்து, கால் லிட்டர் பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து உள்ளே உருட்டிவிடுங்கள். தாமதித்தால் மாலைக்குள் புதுத்துரு படியும். பழைய ரப்பர் ஹோஸையும் டேப் வாஷரையும் தூக்கிப் போடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பி, பொடிந்து, ஜெட்டை அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது என் பழைய புல்லட்டின் கிக்கர் திருப்பி அடிக்கிறது. கணுக்கால் வீங்கிவிட்டது. பாயிண்ட் டைமிங்கை இரண்டு பேர் வைத்தும் சரியாகவில்லை.
– வாசகர், தென்காசி

டைமிங் வைத்தவர்கள் மேல் தவறு இருக்காது. பாயிண்டுக்கு (தீப்பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்ச்) பின்னால் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளைப் பாருங்கள். வண்டி நின்றதில் அதன் முளைகள் துருப்பிடித்து, எடைகள் விரிந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். எஞ்சின் வேகமெடுத்த பிறகு வர வேண்டிய முன்கூட்டிய தீப்பொறி, மெதுவாக உதைக்கும்போதே வந்து பிஸ்டனை எதிர்த்திசையில் தள்ளும். கேமை விரலால் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒரே ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் பாயிண்டுக்குத் தெறிக்கும்.

அதன்பின் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டைமிங்குக்கு முன்பே இதை வைத்துவிட வேண்டும், ஏனென்றால் இடைவெளி கூடினால் டைமிங்கும் முந்தும். எடைகள் மூடிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். டேப்பெட் (வால்வு இடைவெளி) சரியா என்று பார்க்க, எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ் ராடை (ராக்கரைத் தள்ளும் கம்பி) இரு விரலால் உருட்ட முடிய வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

உதைக்கும் முறையும் முக்கியம். சாவியைப் போட்டு, ஆம்மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். அழுத்தம் கெட்டியாகும் இடத்தில் முள் துள்ளி நடுவுக்கு வரும். அங்கே டீகம்ப்ரஷர் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும்) லீவரைப் பிடித்து, கிக்கரை ஓர் அங்குலம் மட்டும் இறக்கி, லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, முழுக்காலையும் ஊன்றி அடிவரை உதையுங்கள். த்ராட்டிலைத் தொட வேண்டாம். சரியாக இருக்கும் புல்லட் இப்படி ஒன்றிரண்டு உதையில் பிடிக்கும், பலம் தேவையே இல்லை.

வண்டி இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. அரைமணி ஆறினால் மறுபடி ஓடுகிறது.
– வாசகர், ஓசூர்

நின்ற நொடியிலேயே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, ஊசியால் குத்திவிட்டால் சரி. அந்தச் சத்தம் இல்லாவிட்டால், பாயிண்ட் மூடியைத் திறந்து உதைக்கச் சொல்லிப் பாருங்கள். பாயிண்டில் பளிச்சென்று மஞ்சள் பொறி தெறித்தால் கண்டென்சர் (பாயிண்டில் பொறி தெறிக்காமல் தடுக்கும் சிறு பாகம்) போயிருக்கிறது. சூட்டில்தான் அது கைவிடும், ஆறியதும் நல்ல பிள்ளைபோல் இருக்கும். கண்டென்சர் மாற்றியும் தீரவில்லையென்றால் இக்னிஷன் காயில். கார்பரேட்டரை இதற்காகக் கழற்ற வேண்டாம்.

யெஸ்டி 250. த்ராட்டிலை மூடினாலும் எஞ்சின் தானாக வேகமெடுக்கிறது. ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்தும் பயனில்லை.
– வாசகர், கோவை

உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறைக்குள் காற்று புகுந்தால் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் போதாமல், பிஸ்டன் சுட்டுப் பிடித்துக்கொள்ளும். வலது பக்கம், டைனமோவுக்குப் பின்னால் உள்ள கிராங்க் ஆயில் சீல் நின்ற வண்டியில் காய்ந்து கல்லாகி, காற்றை உள்ளே விட்டுவிடும். இடப்பக்க சீல் போனால் அடையாளம் வேறு: கியர் பாக்ஸ் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டுப் புகை மண்டும், கியர் ஆயில் மட்டம் குறையும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பாதி வேலை ஒன்றுதான். கார்பரேட்டர் ஜாயின்டின் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். முதல் 500 கிலோமீட்டர் வரை லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி (2T, டூ ஸ்ட்ரோக்) ஆயில், அதன்பின் 30 மில்லி.

1971 மாடல் வண்டி. விண்டேஜ் பதிவு வாங்கலாமா? அதற்குமுன் 12 வோல்ட்டுக்கு மாற்றி, டிஸ்க் பிரேக் போட ஆசை.
– வாசகர், திருச்சி

50 வருடம் கடந்த வண்டிக்கு 2021 விதிப்படி ‘விஏ’ வரிசை எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவு 5,000. ஆனால் அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது. சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்தால் தகுதி போய்விடும். அந்தப் பதிவோடு அன்றாடம் வேலைக்கும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு மட்டும்தான் சாலையில் வரலாம். தினமும் ஓட்ட நினைத்தால் சாதாரண ஆர்சியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் வேண்டாம். டிரம்மை லேத்தில் வட்டம் சரிசெய்து, புது லைனிங் ஒட்டினால் அந்த வேகத்துக்கு அது போதும். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். டயர் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று நம்பாதீர்கள்: பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். மூன்றே இலக்கம் என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், அந்த எண்ணே இல்லையென்றால் வயது தெரியாத டயர். ஓட்டிப் பார்க்கக்கூட அதை நம்பாதீர்கள்.