'தண்டம் கட்டினோம்' தவறா?

வணக்கம் சகோதரி. நானும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டுதான். மகனுடைய கட்டுரையில் 'அப்பா சம்மனுக்குத் தண்டம் கட்டினார்' என்பதை ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'தண்டனை' என்று திருத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பையன் எழுதியதில் பிழையில்லை. திருத்தம்தான் இடறுகிறது. தண்டனையை யாரும் 'கட்ட' மாட்டார்கள், விதிப்பார்கள், அனுபவிப்பார்கள். கட்டுவது தண்டமும் அபராதமும்தான்.

தண்டம் என்றால் முதலில் கோல், தடி. பிறகு அந்தக் கோல் பிடித்தவன் தரும் தண்டனை, அப்புறம் அதற்கு ஈடாக வாங்கும் பணம். 567ஆம் குறளில் 'கையிகந்த தண்டம்' என்று வருவது அளவு மீறிய தண்டனை. நம் மலாய்க்காரர்கள் சொல்லும் 'டெண்டா'வும் இதே வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். அபராதத்தின் கதை இன்னும் வேடிக்கை: வடமொழியில் அது குற்றத்தையே குறிக்கும், தமிழில் குற்றத்துக்குக் கட்டும் காசாகிவிட்டது!

ஆசிரியர் தயங்கியதற்கும் காரணம் இருக்கலாம். பேச்சில் தண்டம் என்றால் வீண் என்றும் பொருள், தண்டச்சோறு என்கிறோமே. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, கிராணி (தோட்டக் கணக்கர்) அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போட்ட நாளில் 'இன்னிக்கு உழைப்பு தெண்டம்' என்பார். அதில் இரண்டு அர்த்தமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தேர்வில் 'அபராதம் செலுத்தினார்' என்று எழுதச் சொல்லுங்கள். நம் நாளிதழ்களிலும் அதுதான் வழக்கம், யாரும் வட்டமிட மாட்டார்கள். வீட்டில் தண்டம் தாராளமாக இருக்கட்டும்.