கிரைசோபெர்லா வளர்ப்பு: செயற்கைத் தீவனம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: தாய்ப்பூச்சிகளுக்கும் அசுவினி பிடித்துப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கிரைசோபெர்லாவில் (பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி) பயிரைக் கெடுக்கும் அசுவினியைத் தின்பது புழுதான். தாய்ப்பூச்சிக்குத் தேன், பிரக்டோஸ், ஈஸ்ட், புரதப் பொடி, தண்ணீர் எல்லாவற்றையும் சம அளவில் கலந்து, கூண்டுச் சுவரில் சிறு சொட்டுகளாகத் தடவுங்கள். நனைத்த பஞ்சும் ஆமணக்கு மகரந்தமும் பக்கத்தில் இருக்கட்டும். ஈஸ்டும் புரதமும் இல்லாமல் தேன் மட்டும் வைத்தால் பூச்சி பிழைத்துக் கிடக்கும், முட்டை விழாது.

கேள்வி: புழுவுக்குத் திரவத் தீவனம் வைத்தேன். பாதி ஒட்டிக்கொண்டே செத்துவிட்டது. என்ன தவறு, சார்?

பதில்: தீவனத்தின் பதம்தான் தவறு. புழுவின் தாடைகள் அரிவாள் மாதிரி வளைந்து, உள்ளே குழலாக இருக்கும். இரையைக் குத்தி, செரிமான நீரைச் செலுத்தி, உள்ளிருக்கும் சதையைக் கரைத்துத்தான் உறிஞ்சும். கரைப்பதற்கேற்ற கெட்டியான உணவை வைத்தால் நன்றாகத் தின்னும். அமெரிக்க வேளாண் துறையில் ஆலன் கோஹன் 1990களில் இதை அடிப்படையாக வைத்தே மாட்டிறைச்சி, ஈரல், கோழிமுட்டை, சர்க்கரை, தேன், ஈஸ்ட் சேர்த்துத் தீவனம் உருவாக்கினார்.

இறைச்சியையும் ஈரலையும் நைசாக அரைத்து, களி பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பாராஃபிலிமை (இழுத்தால் நீளும் மெழுகுத் தாள்) நன்றாக இழுத்து மெல்லிதாக்கி, அதில் சிறு பொட்டலமாகக் கட்டுங்கள். இழுக்காமல் கட்டினால் இளம்புழுவின் தாடை துளைக்காது. உறை இருப்பதால் புழு ஒட்டாது, தீவனமும் காயாது. ஒரு நாளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறைபெட்டியில் வையுங்கள். புளித்த வாடை வந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றையொன்று தின்றுவிடுகிறதே?

பதில்: பசித்தால் தின்னும், நெருக்கி வைத்தாலும் தின்னும். பொரிக்கப்போகும் 120 கிரைசோபெர்லா முட்டைகளுக்கு 0.75 சிசி கார்சைரா (அரிசி அந்துப்பூச்சி) முட்டையை இரையாகப் போடுங்கள். மூன்றாம் நாள், 2.5 செ.மீ. அறைத் தட்டில் அறைக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். கார்சைரா முட்டையைப் புற ஊதா விளக்கில் காட்டியபின் போடுங்கள். இல்லையென்றால் அதுவும் பொரித்து நூலாம்படை கட்டிவிடும்.

கேள்வி: கார்சைராவை அடியோடு நிறுத்திவிடலாமா, ஐயா?

பதில்: சிறிய கூடத்துக்கு நான் சொல்லமாட்டேன். புழுவின் முதல் பருவத்துக்கும், இனப்பெருக்கத்துக்கு வைக்கும் தாய் இருப்புக்கும் கார்சைரா முட்டையே வையுங்கள். செயற்கைத் தீவனத்தைப் பின் பருவங்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கூட்டின் எடை, வெளிவரும் பூச்சியின் சிறகு, முட்டை எண்ணிக்கை மூன்றையும் குறித்து வாருங்கள். கூடவே சில புழுக்களை அசுவினி உள்ள இலையில் விட்டுப் பாருங்கள். வேட்டையாடத் தயங்கினால் அந்தத் தொகுதியை விவசாயிக்கு அனுப்பாதீர்கள்.