மீற்றர் 38,000 என்றால் கார் புதுசா?

கேள்வி: வெள்ளவத்தையில் 1965ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீற்றரில் 38,000தான். பத்து வருடமாக வீட்டு ஷெட்டிலேயே நிற்கிறது. உரிமையாளர் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். இவ்வளவு குறைவாக ஓடியது என்பதை நம்பி வாங்கலாமா?

பதில்: மீற்றரை நம்பி விலை பேச வேண்டாம். அந்தக் கால மீற்றரில் மைல் எண்ணிக்கைக்கு ஐந்து இலக்கங்கள்தான். 99,999 தாண்டினால் பூச்சியத்துக்கு வந்துவிடும். ஆகவே அது 38,000 ஆகவும் இருக்கலாம், 138,000 ஆகவும் இருக்கலாம். மேலும் அது மைல். 38,000 மைல் என்பது ஏறத்தாழ 61,000 கிலோமீற்றர்.

உண்மையில் எவ்வளவு ஓடியது என்பதைக் காரே சொல்லும். கிளச், பிறேக் பெடல்களின் ரப்பர் தேய்ந்து மழமழவென்று இருக்கிறதா? சாரதி இருக்கையின் ஸ்பிரிங் மட்டும் அமுங்கியிருக்கிறதா? சாரதி பக்கக் கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் ஆடினால் அந்தக் கதவு பல்லாயிரம் தடவை திறந்து மூடப்பட்டிருக்கிறது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்து கீல் தொளதொளவென்று ஆடினால் கூடுதல் கவனம் தேவை.

ஆனாலும் மைலேஜைவிடப் பெரிய கேள்வி துரு. மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, பாடியேதான் பாரத்தைத் தாங்குகிறது. கடற்காற்று அடிக்கும் வெள்ளவத்தையில் பத்து வருடம் சும்மா நின்ற காரைவிட, கண்டியில் தினமும் ஓடிய கார் அடியில் உறுதியாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். காரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோய்த் தூக்கிவைத்து, முன் எஞ்சினைத் தாங்கும் சட்டக்கால்கள், முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்கே ஓடும் பகுதி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் விளிம்பின் (sill) உள்பக்கம், பின் ஸ்பிரிங்கின் முன் முனை பாடியில் பொருந்தும் இடம் ஆகிய நான்கையும் ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். பட்டி போட்டு மறைத்த தகடு பொத்தென்று அடங்கும். சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வெளிப்பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகட்டின்மேல் பட்டி தடிப்பாக இருக்கிறது. பின் ஸ்பிரிங் பொருந்தும் இடம் உக்கியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். வாங்கும் விலையைவிட வெல்டிங் செலவு கூடிவிடும்.

மைனருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. முன் சில்லைத் தாங்கும் காலின் அடிமுனை, ட்ரனியன் என்ற மரையுள்ள துண்டில் சுழல்கிறது. கிறீஸ் போகாமல் மரை தேய்ந்தால் கால் கழன்று, சில்லு மடிந்து கார் தரையில் உட்கார்ந்துவிடும். முன் பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றாமல் ஒரு தெருகூட ஓட்டக்கூடாது. கிறீஸ் அடிக்கும்போதும் சில்லு தரையில் பதிந்திருக்கக்கூடாது. பாரம் நீங்கினால்தான் கிறீஸ் மரைக்குள் போகும்.

கேள்வி: மகன் பற்றரி போட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்கிறார். சரிதானே?

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்து வருடம் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரில் ஒயில் இருக்காது. காய்ந்த சுவரில் பிஸ்டன் வளையம் உராய்ந்தால், நல்ல எஞ்சினும் அன்றே கெட்டுப்போகலாம்.

முதலில் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி மெல்லிய ஒயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் முன்பக்கக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் பண்ணாமல் மீண்டும் ஒயில் விட்டுக் காத்திருங்கள். சுற்றினால் பழைய ஒயிலை வடித்து, ஃபில்டரும் மாற்றி, 20W-50 ஒயில் ஏறத்தாழ 3.7 லீற்றர் ஊற்றுங்கள். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றினால் ஒயில் விளக்கு அணையும். அதன் பிறகுதான் பிளக்.

தாங்கியிலுள்ள பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரி நாறும். அதை முழுதாக வடித்து, ரப்பர் பெற்றோல் குழாய்களை எல்லாம் புதிதாக மாற்றுங்கள். வெடித்த குழாய் சூடான எஞ்சினின்மேல் கசிந்தால் கார் தீப்பிடிக்கும். பற்றரி பூட்டுமுன் இன்னொன்றையும் பாருங்கள். மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது நேர்முனைதான் பாடியில் பூட்டப்பட்டிருந்தது. பின்னர் யாராவது மாற்றியிருக்கலாம். மாறிப் பூட்டினால் பொருத்தியிருக்கும் ரேடியோவோ ஓல்டர்னேற்றரோ எரிந்துபோகும்.

பிறேக்கை முழுதாகச் செய்யாமல் நகர்த்தாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருப்பதால் பலர் அதைத் தொடுவதே இல்லை. அதையும் சில்லுகளிலுள்ள சிலிண்டர்களையும் மூன்று ரப்பர் ஹோஸ்களையும் மாற்றி, புது பிறேக் ஒயில் விடுங்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பிறேக் சிலிண்டருக்கான அசல் ரப்பர் கப்கள் பழைய பெட்டியோடு கிடைக்கும். ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். கியர் சில்லு, கைப்பிடி, விளக்கு வளையம் போன்ற உலோகச் சாமான் அங்கே நல்லது. ரப்பரோ பெட்டிக்குள் இருந்தாலும் முதுமை அடையும். ரப்பர் மட்டும் புதிதாகத் தயாரித்ததை வாங்குங்கள்.

கேள்வி: சிஆர் புத்தகம் (வாகனப் பதிவுப் புத்தகம்) தகப்பனின் பெயரிலேயே இருக்கிறது. மகன் கையெழுத்துப் போட்டுத் தருகிறாராம்.

பதில்: இறந்தவருக்காக மகன் கையெழுத்துப் போட்டால் பெயர் மாறாது. வாரிசுரிமைப் பத்திரங்களை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாறும் என்று உறுதியான பிறகே முழுப்பணம் கொடுங்கள். புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரிலுள்ளவையும் எழுத்துக்கெழுத்து ஒத்திருக்க வேண்டும். இந்த வயதுக் கார்களில் எஞ்சின் மாற்றியிருப்பது சாதாரணம். புத்தகத்தில் அது பதியப்படாமல் இருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

கேள்வி: வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்ட எண்ணம். பராமரிப்பு குறைவாகத்தானே இருக்கும்?

பதில்: குறையாது. ஓடிய மைலைவிட, நின்ற நாட்களின் கணக்கில்தான் பராமரிப்பு கூடும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது கெடுதல். சூடாகாத எஞ்சினில் நீராவி ஒயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துருப்பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஆயிரம் மைல் ஓடாவிட்டாலும் எஞ்சின் ஒயிலை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

ரயரில் பூ (தரையில் படும் பக்கத்துப் பள்ளங்கள்) தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரித்தது. பத்து வருடம் தாண்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

நிறுத்தும்போது ஹேன்ட்பிறேக்கை இழுக்காமல் சில்லுக்குக் கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் பிறேக் ஷூ ட்ரம்மில் ஒட்டிக்கொள்ளும். கொழும்பு ஈரத்துக்குப் பிளாஸ்டிக் உறை கூடாது, காற்றுப் புகும் துணி உறை போதும். கடலோரமாக ஓடும் மெரின் டிரைவ் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு உறையைப் போடுங்கள்.