ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள ஃப்ரவுன்கிர்ஷ தேவாலயச் சுவரில் சில கற்கள் மட்டும் கறுப்பாக இருப்பது ஏன்?

பலர் நினைப்பதுபோல் அது வெறும் தீக்கரி அல்ல. எல்பே ஆற்றுப் பகுதி மணற்கல்லில் உள்ள இரும்பு, காற்றும் மழையும் பட்டுக் காலப்போக்கில் கறுத்துவிடும். கறுத்தவை 1726–43-இல் கட்டிய தேவாலயத்தின் கற்கள். வெளிர்நிறக் கற்கள் மீண்டும் கட்டியபோது சேர்த்த புதியவை. அவையும் மெல்லக் கறுக்கும்.

1945 பிப்ரவரி 13 இரவுக் குண்டுவீச்சில் கல் குவிமாடம் விழவில்லை. உள்ளே எரிந்த தீயின் வெப்பத்தில் அதைத் தாங்கிய எட்டு மணற்கல் தூண்கள் வலுவிழந்தன. 15-ஆம் தேதி காலை குவிமாடம் சரிந்தது. கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் அந்த இடிபாடு போர் நினைவிடமாகவே நின்றது.

மீண்டும் கட்டுவதற்காக 1993-இல் இடிபாட்டைக் கல்கல்லாகப் பிரித்தார்கள். கிடந்த இடத்தைக் குறித்து, அளந்து, படமெடுத்து, எண்ணிட்டு அடுக்கினார்கள். இந்தப் பொறுமைதான் முக்கியம்: ஒரு கல் விழுந்த இடம் தெரிந்தால்தான் சுவரில் அது இருந்த இடத்தைக் கணிக்க முடியும். பழைய படங்களும் கணினியும் அதற்கு உதவின. 2005 அக்டோபர் 30-இல் தேவாலயம் மீண்டும் திறந்தது.