சேஸை வெட்டச் சொல்கிறார்கள், வெட்டலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிக்கப் வண்டியைப் பற்றியவை. பின்பக்கத்தின் உயரத்தைக் குறைத்து இறக்குவது, அதற்காகச் சேஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, வெட்டுவது, வெட்டின வண்டியைத் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்வது. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: இசுசு வி-கிராஸ் பிக்கப் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. பின்பக்கத்தை 5 அங்குலம் இறக்க ஆசை. "ஹவுசிங்கைப் பட்டைக்கு மேலே மாற்றி, சேஸில் சி-நாட்ச் போட வேண்டும், எல்லாம் சேர்த்து 85,000" என்கிறார்கள் பட்டறையில். விலை நியாயமா?
– வாசகர், கோவை

பதில்: விலையை விடுங்கள் தம்பி. அந்த வேலையில் என்ன நடக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

ஹவுசிங் என்பது பின் சக்கர அச்சு இருக்கும் இரும்பு உறை. பட்டை என்பது வண்டியின் எடையைத் தாங்கும் தகட்டு ஸ்பிரிங். பட்டைக்கு அடியில் இருக்கும் ஹவுசிங்கை மேலே கொண்டுபோனால், ஹவுசிங் குழாயின் கனமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி இறங்கிவிடும். ஆனால் ஹவுசிங்குக்கும் சேஸுக்கும் நடுவே இருந்த இடைவெளியும் அதே அளவு போய்விடும். வேகத்தடை ஒன்று ஏறி இறங்கினால் போதும், ஹவுசிங் சேஸில் இடிக்கும். அதற்கு இடம் விடத்தான் நேர் மேலே சேஸின் அடிப்பக்கத்தை அரைவட்டமாக வெட்டி எடுக்கிறார்கள். அதுதான் சி-நாட்ச். வெட்டுவது எந்த இடம்? சேஸின் கீழ் விளிம்பு. வளையும்போது வருகிற விசையைத் தாங்குவது மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் கையேடுகளில், விளிம்பில் துளைகூடப் போடாதே என்றுதான் பொதுவாக இருக்கும்.

முறையாகச் செய்பவர்கள் வெட்டின இடத்தில் தடிமனான தகடு வைத்து, வெட்டுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக நீட்டி, மூலைகளை வளைவாக விட்டு, இடி தாங்கும் ரப்பர் கட்டையைத் திரும்பப் பொருத்துவார்கள். நாலு அங்குலத் தகட்டைச் சுற்றி வெல்டிங் வைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால், அந்த வெல்டிங்கின் ஓரத்திலேயே விரிசல் தொடங்கும். சூடு ஏறி ஆறின இரும்பு பழைய இரும்பு இல்லை.

இன்னொன்று கேளுங்கள். சில பிக்கப்களில் லோடுக்கு ஏற்றபடி பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும் வால்வு உண்டு. சேஸில் வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு சின்னக் கம்பி ஹவுசிங்குக்குப் போகும். லோடு ஏறினால் சேஸ் தாழும், கம்பி நகரும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். நீங்கள் வண்டியை இறக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், காலி வண்டியை லோடு வண்டி என்று வால்வு எடுத்துக்கொள்ளும். மழையில் பிரேக் மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா என்று பட்டறைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர் யோசித்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். எட்டு மாத வண்டி, வாரண்டியில் இருக்கிறது. வெட்டின பிறகு பின்பக்கத்தில் எது போனாலும் கம்பெனி கையை விரிக்கும். வேண்டாம்.

கேள்வி: பட்டையில் இரண்டை உருவிவிட்டால் வண்டி தானாக இறங்கிவிடும், வழக்கம்போல லோடும் ஏற்றலாம் என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், ஈரோடு

பதில்: தப்பு.

கேள்வி: ஐயா, நான் சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவன். பழைய வண்டி விற்கும் கடையில் 4,60,000 கொடுத்து டபுள் கேபின் பிக்கப் வாங்கினேன். மூன்றாம் மாதம் பின் ஹவுசிங்குக்கு மேலே சேஸில் விரிசல். முன்னால் வைத்திருந்தவர் வண்டியை இறக்கி நாட்ச் போட்டு, பிறகு பழைய உயரத்துக்கே ஏற்றி விற்றிருக்கிறார் என்று மெக்கானிக் சொல்கிறார். கடைக்காரர் "பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்கிறார். கடன் இன்னும் முப்பது மாதம் இருக்கிறது.
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இதே அடியை நானும் வாங்கியிருக்கிறேன். 2012-ல் அப்பாவின் தென்னந்தோப்புக்கு என்று ஒரு பழைய பிக்கப் எடுத்தேன். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நாலாவது மாதம் தேங்காய் லோடோடு வந்தபோது பின்னால் 'டக் டக்' என்று சத்தம். மெக்கானிக் படுத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். பெயின்ட்டோடு சேர்ந்து, பள்ளம் அடைக்கப் பூசின பட்டி கையளவுக்குப் பெயர்ந்து அவர் முகத்தில் விழுந்தது. உள்ளே புழு ஊர்ந்த மாதிரி வெல்டிங், அதன் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, கோட்டிலிருந்து துரு வழிந்திருந்தது. எனக்கு விற்றவர் வியாபாரி அல்ல, தனி ஆள். அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழியில்லாமல், சேஸ் போன வண்டி என்று சொல்லியே பாதி விலைக்குத் தள்ளினேன்.

உங்களுக்கு விற்றது கடை. அதனால் உங்களுக்கு வழி இருக்கிறது. "லோடு வண்டி, வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை" என்று கடைக்காரர் தரப்பு சொல்லும். அதற்குப் பயப்படாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளக்கமாகவே சொல்கிறது. சொந்தமாக ஓட்டிப் பிழைக்கிறேன் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் வையுங்கள்.

முதலில், வண்டியில் லோடு ஏற்றுவதை இன்றே நிறுத்துங்கள். விரிசலை இப்போதைக்கு யாரும் வெல்டிங் வைத்து மூடக் கூடாது. அதுதான் உங்கள் சாட்சி. சேஸ் எண்ணும் விரிசலும் தெரிய, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் காட்டி, சேஸ் வெட்டப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு கடைக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் இரண்டு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

இன்னொரு கேள்வியையும் கடைக்காரரிடம் கேளுங்கள்: டீலர் அனுமதிச் சான்று எங்கே? 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அந்தச் சான்று வாங்கியிருக்க வேண்டும். நோட்டீஸிலும் இதைக் கேட்டு எழுதுங்கள். "பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்பது ஒரு பதிலே இல்லை. பட்டி பூசி மறைத்ததை எப்படிப் பார்க்க முடியும்? ஆணையம் என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: இறக்குவதற்கு என்று ஆன்லைனில் 3 அங்குலக் கட்டை வாங்கி ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவே போட்டேன். பின்பக்கம் 3 அங்குலம் ஏறிவிட்டது! பொருள் மோசம், பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், ஆவடி

பதில்: பொருளில் ஒரு மோசமும் இல்லை. பட்டை ஹவுசிங்குக்குக் கீழே இருந்தால் கட்டை வண்டியை இறக்கும். மேலே இருந்தால் ஏற்றும். உங்களுடையது மேலே. பணம் கட்டும் முன் ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விற்பவரின் பக்கத்தில் இந்த விவரம் இல்லையென்றால், அதைக் காட்டித் திருப்பிக் கேட்கலாம். இருந்தது, நீங்கள் படிக்கவில்லை என்றால் நான் உங்கள் பக்கம் பேச மாட்டேன். எப்படியும் கட்டையை இன்றே கழற்றுங்கள். ஹவுசிங்கைப் பட்டையோடு பிணைக்கும் யூ-போல்ட்டைப் புதிதாக மாற்றுங்கள், ஒருமுறை இறுக்கிக் கழற்றினதை மறுபடி நம்பக் கூடாது.

கேள்வி: நாட்ச் போட 40,000 கொடுத்தேன். ஆறு வாரத்தில் வெல்டிங் விட்டுவிட்டது. பட்டறையில் "உன் வண்டியை நான் பார்த்ததே இல்லை" என்கிறார்கள். பில் வாங்கவில்லை, போட்டால் 18 சதவீதம் கூடும் என்றார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: இந்தக் கேள்வி-பதில் பத்தியில் நான் அதிகம் எழுதிய சொல் 'பில்'தான். இன்னும் எழுதுவேன், ஏனென்றால் வாரம் தவறாமல் இதே கடிதம் வருகிறது.

40,000-க்கு 18 சதவீதம் என்றால் 7,200. அந்த 7,200-ஐ மிச்சம் பிடிப்பதாக நினைத்து, 40,000-க்கான சாட்சியை நீங்களே விட்டுவிட்டீர்கள். பில் என்பது வரிக்காரருக்கு எழுதும் காகிதம் என்று நம் ஆட்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அது வாங்கினவருக்கான காகிதம். எந்த வண்டிக்கு, என்ன தேதியில், என்ன வேலை, எவ்வளவு என்று நாலு வரி இருந்தால் "பார்த்ததே இல்லை" என்ற பேச்சு எழாது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னப் பட்டறையானாலும் சாதாரண ரசீது கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டத்தில் எழுதியிருக்கிறது. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று சுவரில் எழுதிவைத்திருப்பதையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. ஆனால் 30 நாளை எதிலிருந்து எண்ணுவது? பில் தேதியிலிருந்து. அது இல்லாதவர் எதைக் காட்டுவார்? போன வருடம் ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி மாற்றினேன். தெரிந்த கடைதானே என்று துண்டுச் சீட்டோடு வந்துவிட்டேன். ஒன்று பத்தாம் நாளே எண்ணெய் கசிந்தது. "வேறு கடைப் பொருளாக இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நட்டு வாங்கினாலும் பில் இல்லாமல் நகர்வதில்லை.

சரி, உங்களுக்கு இப்போது என்ன வழி? பணம் யுபிஐ-யில் போனதா பாருங்கள், அந்தப் பதிவே ஒரு சாட்சி. வாட்ஸ்அப்பில் பேசியது, பட்டறைக்குள் வண்டி நிற்கும் படம், போனில் படம் எடுத்த தேதி, எல்லாவற்றையும் சேருங்கள். ஆனால் நீங்கள் செய்யச் சொன்னதே சட்டம் அனுமதிக்காத மாற்றம் என்பது எதிராளி கையில் இருக்கும் வலுவான வாதம். அதனால் சமரசமாகப் பேசிப் பணத்தை வாங்கப் பாருங்கள். வண்டியை எடுத்து ஓட்டாதீர்கள்.

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். டீலரிடம் 1996 மாடல் செவ்ரோலே எஸ்-10 ஒன்று, பின்பக்கம் இறக்கி நாட்ச் போட்டது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: அங்கே இது பழகின வேலை. போல்ட் போட்டு மாட்டுகிற நாட்ச் செட் கடையிலேயே கிடைக்கிறது. அதனால் நல்ல வேலையும் உண்டு, கொல்லைப்புறத்து வேலையும் உண்டு. டார்ச்சோடு அடியில் போங்கள். ஹவுசிங்கின் மேல்பக்கத்தில் பளபளவென்று தேய்ந்த தழும்பு இருந்தால் அது இன்னமும் சேஸில் இடிக்கிறது. ரப்பர் கட்டை இருக்கிறதா, தகடு வெட்டைத் தாண்டி நீள்கிறதா, பிரேக் குழாய் வெல்டிங்கில் வெந்திருக்கிறதா பாருங்கள். 60 மைல் வேகத்தில் ஓட்டும்போது காலடித் தளத்தில் அதிர்வு வந்தால், இன்ஜின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் சரியில்லாமல் இருக்கலாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் 'பையர்ஸ் கைடு' தாளைப் படியுங்கள். 'ஆஸ் ஈஸ்' (உள்ளபடியே, டீலர் வாரண்டி இல்லை) கட்டத்தில் டிக் இருந்தால் அதற்குப் பிறகு வரும் ரிப்பேர் உங்கள் செலவு.

கேள்வி: படத்தைப் பார்த்ததுமே பிடித்துப்போய், இறக்கின பிக்கப் ஒன்றுக்கு 50,000 அட்வான்ஸ் அனுப்பினேன். மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வண்டியைத் தொட்டுப் பார்க்காமல், ஆர்சி-யைப் பார்க்காமல், ஆளைப் பார்க்காமல் 50,000. பிறகு மூன்று வாரம் காத்திருந்து, போலீசுக்குப் போகாமல் எனக்குக் கடிதம். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். முதல் நாளே அழைத்திருந்தால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும்.

கேள்வி: நானும் மனைவியும் தண்ணீர் கேன் போடுகிறோம். பிக்கப்பின் தளம் அவளுக்கு நெஞ்சு உயரம். 20 லிட்டர் கேனை ஏற்றி இறக்கித் தோள்பட்டை போய்விட்டது. சேஸை வெட்டிப் பின்பக்கத்தை இறக்கிவிடலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: இன்று வந்ததில் நியாயமான காரணத்தோடு கேட்டவர் நீங்கள்தான். ஆனாலும் வெட்டாதீர்கள். லோடு வண்டியில் வெட்டின சேஸ் தினமும் சோதனை. தகுதிச் சான்றுக்கு (எஃப்சி) போகும்போதும் நிற்கும். உங்கள் வேலைக்குத் தளம் தாழ்வான மினி டிரக் போதும். இப்போதைய பிக்கப்பைக் கொடுத்துவிட்டு மாற்ற முடியுமா பாருங்கள். அதுவரை, பக்கக் கதவைத் திறந்தால் நடுவில் ஒரு படி நிற்கிற மாதிரி தனியாக ஒரு இரும்பு ஸ்டாண்ட் செய்துகொள்ளுங்கள், கேனை ஒரே தூக்காகத் தூக்காமல் இரண்டாகத் தூக்கலாம். வண்டி மாற்றப் போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள், நிரப்பின கேன் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடை வாசலிலேயே அவர் அதைத் தூக்கித் தளத்தில் வைத்துப் பார்க்கட்டும். அவர் சரி என்று சொன்ன வண்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள், பில்லோடு.