மூன்றாம் முறை நுழைவுத் தேர்வு வேண்டாம்

அம்மா, இரண்டு முறை மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய மகள் இப்போது 'டிரெக்' செல் சிகிச்சைத் துறைக்குப் போகிறேன் என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் சொந்தக்காரர்கள் சொன்னதுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது, மகள் சொன்னது ஒரே வரி: "நோயாளியைவிட செல்லைப் பார்க்கத்தான் பிடிக்குது." கவலைப்படாதீர்கள் என்று தேற்றுவது எளிது. ஆனால் அவளை மூன்றாம் முறை மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வைப்பதும், வீட்டை அடகு வைத்து சீட்டு வாங்குவதும் தவறு.

அவள் விரும்பும் 'டிரெக்' செல் சிகிச்சை வெறும் கனவல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்காமல் அடக்கிவைக்கும் இந்த டி செல்களைக் (ஒரு வகை வெள்ளை அணுக்களை) கண்டறிந்த ஆய்வுக்குத்தான் 2025 மருத்துவ நோபல். முதல் வகை நீரிழிவிலும் உறுப்பு மாற்றத்திலும் மனிதர்களிடம் சோதித்து வருகிறார்கள். அந்தச் செல்லைத் தயாரிக்கவும் ஆட்கள் வேண்டும். அந்த வேலையைத்தான் யாரும் சொல்வதில்லை.

ரத்தத்தில் உள்ள சிடி4 எனும் டி செல் வகையில் டிரெக் 5 முதல் 10 சதவீதம்தான். செல்லின் மேற்பரப்புப் புரதங்களில் சிடி25 மிகுந்தும் சிடி127 குறைந்தும் இருப்பவற்றைப் பிரித்தெடுத்து, சிடி3, சிடி28 எனும் வேறு இரு மேற்பரப்புப் புரதங்களைப் பற்றும் எதிர்ப்புரதம் பூசிய மணிகளால் தூண்டி, சில வாரங்கள் பெருக்க வேண்டும். டிரெக் தான் வளர வேண்டிய ஐஎல்-2 எனும் புரதத்தைத் தானே சுரக்காது. நாம்தான் ஊற்ற வேண்டும். கூடவே நுழைந்த சாதாரண டி செல்கள் வேகமாகப் பெருகி இடத்தைப் பிடித்துவிடும் என்பதால் அவற்றைத் தடுக்கும் ராபமைசின் மருந்தைச் சேர்ப்பார்கள். கடைசியில் டிரெக்கின் அடையாளமான ஃபாக்ஸ்பி3 புரதத்தைச் சாயமிட்டுப் பார்த்து "எல்லாம் சரி" என்றால் ஏமாந்தோம்: தூண்டப்பட்ட சாதாரண டி செல்லும் சில நாள் அதைக் காட்டும். ஆகவே ஃபாக்ஸ்பி3 மரபணுவின் குறிப்பிட்ட பகுதியில் மீத்தைல் குறி (டிஎன்ஏ மீது ஒட்டும் வேதிக் குறி) நீங்கியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று முடங்கியே கிடக்கும், அதில் குறி நீங்காது. அதனால் பெண் மாதிரி என்றால் கிடைத்த விகிதத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இப்படிப்பட்ட நுணுக்கத்தில் சலிக்காமல் உட்காருபவளுக்கே இந்த வேலை.

டிரெக் இன்னும் பெரும்பாலும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் நம்பிப் படிக்கக் கூடாது. ஆனால் 2017 முதல் அனுமதி பெற்றுவரும் கார்-டி (மரபணு மாற்றிய டி செல்லைக் கொண்டு செய்யும்) புற்றுநோய் சிகிச்சைக்கும் இதே கைத்திறன்தான்: கிருமியற்ற அறையில் செல் வளர்ப்பு, ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசர் வழியே ஓடவிட்டு வகை பார்ப்பது), ஒவ்வொரு படியையும் அப்போதைக்கப்போதே பதிவுசெய்வது.

உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், எதுவானாலும் கட்டணம் குறைந்த இடத்தில் இளநிலை போதும். பெயரில் 'செல் தெரபி' என்று இருப்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். முதுநிலைக்கு மட்டும் பார்த்துச் சேருங்கள். ஃப்ளோ சைட்டோமீட்டரை மாணவர்களே இயக்குகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். நேரடிப் பதில் வராவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள்.